பச்சைத் துணி கட்டிய சாக்கெட்

உன் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கும் நீலப் பெட்டியைப் பத்து நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, வெளியே இழுத்தேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதுவரை அந்தப் பக்கம் கையே போகவில்லை. மூடியைத் தூக்கியதும் மெஷின் எண்ணெய் வாசனையோடு தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தது. கிரீஸ் பிடித்த கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புத் தூள் போட்டுக் கழுவுவாய். எண்ணெய் முழுக்கப் போகும் முன்பே சாமான்களை அடுக்க உட்கார்ந்துவிடுவாய். அதனால் அந்த இரும்புக்கும் உன் தலைமுடிக்கும் ஒரே வாசனை. இதை நேரில் சொல்லியிருந்தால், "இன்னா பேச்சு இது" என்று ஸ்பேனரை ஓங்கியிருப்பாய்.

நட்டின் தலையில் மாட்டித் திருப்பும் சாக்கெட்டுகள் நீ வைத்தபடியே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஒரு துணிப் பட்டை. எல்லாம் ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மஞ்சளில் புட்டா போட்டது ஒன்று, கத்தரிப்பூ நிறம் ஒன்று, இன்னும் இரண்டு. இரும்பில் பொறித்த எண் பொடியாக இருக்கிறது, குனிந்தால் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவுகிறது என்று நீயே கண்டுபிடித்த வழி அது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். நீ ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, "இன்னாங்க, அந்தப் பச்சைய எடுங்க" என்று கையை மட்டும் நீட்டுவாய். நான் எடுத்துக் கொடுப்பேன். பதினாறு வருடத்தில் வண்டி வேலையில் என் பங்கு அவ்வளவுதான்.

பெட்டியை இழுக்க வைத்தவள் எதிர்வீட்டு மல்லிகா. அவளுக்குப் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பங்காருபேட்டை போய், அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கூட்டர் அடம்பிடித்தால் எந்த மெக்கானிக் கடை திறந்திருக்கும்? இந்த மாதம் மட்டும் மூன்று நாள் ரயிலை விட்டுவிட்டாள். இன்னொரு நாள் விட்டால் அப்படியே வீட்டில் இருந்துகொள் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். சின்னச் சின்ன வேலையை இனி தானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து வந்திருந்தாள்.

"அண்ணா, ஒரு நல்ல ஸ்பேனர் செட்டு பாத்து வாங்கிக் குடுங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நீங்கதான் இந்த லைன்லயே வண்டி வேல தெரிஞ்சவரு."

"அதுக்கின்னா, ஞாயித்துக்கெழம ஆண்டர்சன்பேட்ட போலாம் வா" என்று சொன்னேன். நாக்கு கூசவில்லை. பதினாறு வருடப் பழக்கம் அல்லவா.

அந்தப் பொய் பிறந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நாம் ஸ்கூட்டர் வாங்கிய புதிது. நீ தைத்த துணிகளைப் பூதிகோட்டை வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாய். ஆயில் மாற்ற வேண்டும், ஒரு ஸ்பேனர் செட் வேண்டும் என்று கேட்டாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அப்பா தங்கச் சுரங்கக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் விட்டுப்போனது ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பேனர். நம் ஊரில் பாதி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். வெள்ளைக்காரன் இரும்பு, தேயவே தேயாது என்று பெருமை வேறு.

"எங்கப்பா ஸ்பேனரே கீது. அப்புறம் இன்னாத்துக்கு செட்டு?" என்றேன்.

நீ ஒன்றை எடுத்து ஆயில் போல்ட்டில் வைத்துப் பார்த்தாய். "இது இஞ்சு கணக்கு. வண்டி மில்லிமீட்டர் கணக்கு. மாட்டும், ஆனா புடிக்காது."

நான் கேட்கவில்லை. உன் கையிலிருந்து வாங்கி மாட்டினேன். மாட்டியது. ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். ஸ்பேனர் சுற்றியது, போல்ட் சுற்றவில்லை. அதன் ஆறு மூலையும் மழுங்கி மொட்டையாகிவிட்டது. இந்த ஊரில் என்னைப் போல எத்தனை பேர் அப்பாவின் பெருமையை மாட்டி எத்தனை நட்டை மொட்டையடித்தார்களோ தெரியாது. நீ அரத்தை எடுத்து இரண்டு பக்கம் ராவி, குழாய் திருகும் பைப் ரிஞ்சால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாய். தையல் மெஷினை வருடத்துக்கு இரண்டு முறை கழற்றிப் பூட்டும் கை. போல்ட் இளகிய அதே நேரத்தில் கேட்டுக்கு வெளியே மூன்றாம் வீட்டுப் பெரியசாமி வந்து நின்றார். நீ சட்டென்று பைப் ரிஞ்சை என் கையில் திணித்துவிட்டு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாய்.

"இன்னா சார், நீங்களே வேல பாக்கறீங்களா?"

"பின்ன? ஃபிட்டர் மவன்தான?" என்றேன் நான்.

அவர் போன பிறகு நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்த ஒரு சிரிப்பை அனுமதியாக எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். நான் பெங்களூர் ரயிலில் போய் வந்த ஒரு சாதாரண குமாஸ்தா. இந்தச் சுரங்க லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் எல்லாம் கையால் ஏதாவது செய்யத் தெரிந்தவர்கள். எனக்கு ஒரு பல்பு மாட்டக்கூட ஸ்டூலை நீ பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெயர் எவ்வளவு இனித்திருக்கும் என்று நீ புரிந்துகொண்டாய். அதற்குப் பிறகு, "கேட்டச் சாத்திட்டு வேல பாரு, டம்ப் மண்ணு வருது" என்று சொன்னது நான்தான். காற்றடிக்கிற மாதங்களில் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் பறந்து வருவது உண்மைதான். மற்ற மாதங்களிலும் கேட் சாத்தியே இருந்தது.

அடுத்த வருடம் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நூற்றெட்டு பீஸ் என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தது. கண்ணாடி போல மின்னியது. நீ தரையில் பழைய புடவையை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்தாய். பாதிக்கு மேல் திருப்புளி முனைகள். நம் வண்டியில் இல்லாத திருகுகளுக்கு எல்லாம் முனை இருந்தது.

"எத்தன பீஸுன்னு பாத்து வாங்கினீங்க. எத்தன பீஸு நம்ம வண்டிக்குப் போவும்னு பாத்தீங்களா?" என்று எண்ணிக் காட்டினாய். ஏழு. அந்த ஏழும் உள்ளே பன்னிரண்டு மூலை வைத்தவை. கொஞ்சம் இறுகிய நட்டாக இருந்தால் வழுக்கும் என்றாய். நான் அன்பாக வாங்கி வந்ததைக் குறை சொல்கிறாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதனால்தான் நீ அதையே வைத்து வேலை பார்த்தாய். இரண்டு மாதத்தில் ஒரு சாக்கெட் பிளந்து, உன் விரல் முட்டி சைலன்சரில் போய் இடித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட நின்ற உன்னிடம் நான் சொன்னது, "நீ ரொம்ப இழுத்துட்டே." அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பதினோரு நாளும் என் கட்டைவிரலுக்கு அடியில் அதுதான் இருந்தது.

பிறகு இருவருமாக ஆண்டர்சன்பேட்டைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்துப் பேசினார். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தாய், நான் முழங்கினேன். பெட்டியா வேண்டாம், கைப்பிடி ஒன்றும் சாக்கெட் ஆறும் தனித்தனியாக எடுங்கள். உள்ளே ஆறு மூலை இருக்க வேண்டும். ராட்செட் கைப்பிடியைக் காதுகிட்டே வைத்துத் திருப்பினால் பல் பொடிப்பொடியாகக் கேட்க வேண்டும், இடுக்கில் கை அசைய இடமில்லாத இடத்தில் அதுதான் உதவும். ஒன்று தொலைந்தால் அந்த ஒன்று மட்டும் இதே கடையில் கிடைக்குமா? கடைக்காரர் என்னை வியந்து பார்த்தார். திரும்பி வரும்போது சாக்கெட்டின் பின்பக்கத்துச் சதுர ஓட்டையைக் காட்டி, "இது மட்டும் இன்னும் இஞ்சு கணக்குதாங்க. உங்கப்பா முழுசாப் போவல" என்று கேலி செய்தாய். வாங்கிய ஏழு சாமானையும் நான் வாங்கிய அந்த நீலப் பெட்டியிலேயே வைத்தாய். உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டது என் மனம் கோணக்கூடாது என்றுதான்.

இதுவரை எழுதியதை எல்லாம் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். நீயும் தள்ளியிருப்பாய். இனி எழுதப் போவதை அப்படித் தள்ள முடியாது.

நான்கு வருடத்துக்கு முன், மல்லிகாவும் மகளிர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். "சங்கத்துல ஏழு பேரு வண்டி எடுத்துக்கீறோம் அண்ணா. எது கெட்டாலும் கட வாசல்ல போயி நிக்க வேண்டியதா கீது. ஞாயித்துக்கெழமல ஒரு மணி நேரம் நீங்க சொல்லிக் குடுத்தா நாங்க கத்துக்குவோம்" என்றாள் மல்லிகா. நீ தட்டில் காபியோடு சமையலறை வாசலில் நின்றாய். அன்று காலைதான் ஏர் ஃபில்டரில் அடைத்திருந்த டம்ப் மண்ணைத் தட்டி, செயின்... இல்லை, ஸ்கூட்டரில் ஏது செயின், பார், இப்போதும் தப்பாகத்தான் வருகிறது. பிரேக்கை இறுக்கியிருந்தாய். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. நீ என்னைப் பார்த்தாய். ஏழு பெண்கள் நம் முற்றத்தில் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பது அதற்குள் உன் கண்ணில் வந்துவிட்டது. நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாய்.

நான் சொன்னேன்: "இதெல்லாம் பொம்பளைங்க கை வைக்கற வேல இல்லம்மா. கடையில உட்டுடுங்க."

அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். நீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மறுநாள் இட்லி வைக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "என் நகத்தப் பாத்துக்கினேதான சொன்னீங்க" என்றாய். சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ என்னிடம் பச்சையைக் கேட்கவே இல்லை. கையில் எண்ணெயோடு நீயே எழுந்து வந்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்ப் படுப்பாய். பேப்பருக்குப் பின்னால் இருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்துக் கொடுக்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். மூன்று வருடம் இருந்தது எனக்கு. கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவோடு அதே கடைக்குப் போனேன். "சார் வந்துட்டாரு, இனி நமக்கு வேலையே இல்ல" என்று கடைக்காரர் வரவேற்றார். பெரிய பளபளப்பான பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டி வேண்டாம் என்றேன். ராட்செட்டைக் காதுகிட்டே வைத்துத் திருப்பினேன். சாக்கெட்டின் வாய்க்குள் மூலைகளை எண்ணினேன். அந்தப் பெரிய சதுரம் லாரிக்கு, எங்களுக்குச் சின்னச் சதுரம் எடுங்கள் என்றேன். மல்லிகா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீ பின்னால் நின்று முணுமுணுக்காமலே நான் முழங்கிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீ என்ன நினைப்பாயோ.

"சரி சார், ஆறு சாக்கெட்டு. எது எது போடட்டும்?"

"செவப்பு ஒண்ணு, பச்ச ஒண்ணு..."

கடைக்காரர் கை நின்றது. "செவப்பா? சைஸு சொல்லுங்க சார்."

என் முன்னால் ஒரு தட்டு நிறைய சாக்கெட். எல்லாம் ஒரே வெள்ளை. ஒன்றின் இடுப்பிலும் துணி இல்லை. வருடக்கணக்கில் என் கையால் எடுத்துக் கொடுத்த பொருளின் எண் எனக்குத் தெரியாது. கண்ணாடி கொண்டுவரவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை, அன்று சமையலறை வாசலில் நின்றாயே, அது போல ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கும் பார்வை.

"எனக்கு சைஸு தெரியாதும்மா. நான் ஒரு நட்டும் கழட்டினது இல்ல. எல்லாம் அவதான் செஞ்சா."

வேடிக்கையைக் கேள். கடைக்காரர் நம்பவே இல்லை. "வூட்டம்மா ஞாபகம் வந்துட்டுது பாவம். ஒக்காருங்க சார்" என்று ஸ்டூல் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் அதற்கும் எனக்கே மரியாதை. தண்ணீரைக் குடிக்காமல் மறுபடி சொன்னேன். "ஞாபகத்துல பேசல ஐயா, நெஜம். இந்தக் கடைக்கு வந்தப்பகூட அவ சொல்லிக் குடுத்ததத்தான் நான் ஒங்க கிட்ட சொன்னேன்." அவர் மெல்லத் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். சர்ச் திருப்பம் வரை மல்லிகா கூடவே நடந்தாள். அங்கே நின்றாள்.

"அன்னிக்கு நாங்க வந்தமே. அப்ப அக்கா அங்கியேதான நின்னுக்கினு இருந்தாங்க?"

"ஆமாம்மா."

"அப்பவும் அவங்கதான் செஞ்சாங்க?"

"ஆமா."

"அப்புறமும் மூணு வருஷம் எதுத்த வூட்டுலயே இருந்தாங்களே அண்ணா. நான் தெனம் கட வாசல்ல நின்னேன். அவங்க கேட்டுக்குள்ள இருந்தாங்க. இவதான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒங்களுக்கு இன்னா வந்துச்சு?"

என்னை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்துபோனாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது. அவளிடம் எதற்குச் சொல்வது, சொல்ல வேண்டிய ஆள் நீ.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சாக்கெட்டாக எடுத்துத் துணியை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு பத்து. பச்சை பன்னிரண்டு. மஞ்சள் புட்டா பதினாலு. கத்தரிப்பூ பதினேழு. வெள்ளை எட்டு. கருநீலம் பத்தொன்பது. ஒரு காகிதத்தில் எழுதினேன். மறுநாள் தனியாகக் கடைக்குப் போய், காகிதத்தை நீட்டி, அதில் உள்ளபடியே வாங்கி வந்தேன். உன் பெட்டியையே அவளுக்குக் கொடுத்திருக்கலாம். மனம் வரவில்லை. உன் துணிக்கூடையில் துழாவி அதே நிறங்களை எடுத்துச் சாக்கெட்டுகளுக்குச் சுற்றினேன். எனக்குத் தைக்கவும் தெரியாதே, நூலால் கட்டினேன். காயத்துக்குக் கட்டுப் போட்டது போல இருந்தது.

மல்லிகா தன் வீட்டு வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். என்னை உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம வரேன். அக்கா வண்டி சும்மாதான நிக்குது, அதக் கழட்டிப் பாத்துக் கத்துக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேணாம். அக்கா எப்பிடிச் செஞ்சாங்க, இன்னா சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இன்று வந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டாயே, அதையும் நான் செய்யவில்லை. பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஏர் ஃபில்டரைத் திறந்ததும் ஒரு கைப்பிடி டம்ப் மண் கொட்டியது. மல்லிகா தும்மிக்கொண்டே தட்டினாள். ஆயில் போல்ட்டைக் கழற்றும்போது என்ன சொல்வாய் என்று யோசித்து, "கையால மொதல்ல திருப்பிப் பாரு, அப்பறம் இரும்பு" என்பாயே, அதைச் சொன்னேன். பூட்டும்போதுதான் அப்படிச் சொல்வாய் என்று அரை மணி நேரம் கழித்து நினைவு வந்தது. அவளிடம் திருத்திச் சொன்னேன். இப்படித்தான் இருக்கிறது என் ஞாபகம். பதினாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைத்தான் படித்திருக்கிறேன்.

கேட் திறந்திருந்தது. நான்தான் காலையில் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை வைத்தேன். மல்லிகா வண்டிக்குப் பக்கத்தில் தரையோடு படுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, "பச்ச" என்றாள். சர்ச் திருப்பத்துக்குப் பிறகு அண்ணா என்று இன்னும் கூப்பிடவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அப்போது பெரியசாமி தடியை ஊன்றிக்கொண்டு கேட்டில் வந்து நின்றார்.

"இன்னா சார், இவளுக்குத் தொழில் சொல்லிக் குடுக்கறீங்களா?"

"நான் இல்ல பெரியசாமி. என் வூட்டுக்காரி. வண்டி வேல தெரிஞ்சவ அவதான், எப்பவும்."

அதைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. நீ காபித் தட்டோடு நின்ற அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.